மரம் காவிய நாள்

யூபிலி மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு மலர்க்குழுவினர் என்னைக் கேட்டபோது, தமிழாசிரியன் என்ற முறையில் சங்க இலக்கியத்திலோ திருமுறைகளிலோ ஒரு பொருளை எடுத்துக்கொள்வேன் என்றே அவர்கள் எண்ணியிருப்பார்கள். நானும் அவ்வாறே எண்ணி இரண்டு நாள் ஏடும் எழுதுகோலுமாக இருந்தேன். ஆயினும் கல்லூரி மண்டபத்துள் நுழையும்போதெல்லாம் என் கண் தன்னையறியாமலே மேடைக்கு மேலே செல்கின்றது. அங்கே கூரையின் கீழே குறுக்காக ஒரு பலாமரத் தீராந்தி கிடக்கின்றது. 1997ஆம் ஆண்டு முதல் அது அங்கேதான் கிடக்கின்றது. அதன்கீழ் நின்று பேசிப் பரிசு பெற்ற மாணவர் பலர். ஆடியவர், பாடியவர், நாடகத்தில் அரசராக வீற்றிருந்தவர் பலர். அது எப்படி அங்கே வந்ததென்று அவர்களுள் எவரும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை. தூக்கி வைத்த பின்னர் மரம் தன் வேலையைத் தான் செய்துகொண்டிருக்கிறது.

அதனை மலையிலிருந்து காவி இறக்கியவர் அறுவர். அவ்வறுவருள் நானும் ஒருவன். அந்தச் சுமையைப் பற்றி எழுதாமல் வேறெதனையும் இம்மலரில் எழுத என் மனம் இசையவில்லை.

அப்போது நான் உயர்தர வகுப்பு மாணவன். மேடைக் கூரையின் பழைய தீராந்தியைக் கறையான் அரித்துவிட்டது. ஹந்தானைச் சரிவிலே தோட்டம் வைத்திருந்த பழைய மாணவர் ஒருவர், தமது காணியிற் காற்றுக்குச் சாய்ந்த பலா மரமொன்றைக் கல்லூரிக்கு அன்பளிப்பாகத் தந்தார். மரத்தை அறுத்து எடுக்க வேண்டுமாயின் முதலில் அதை மரக்காலைக்குக் கொண்டுபோக வேண்டும். லொறி ஏறக்கூடிய தெருவோ மரம் கிடந்த இடத்துக்குக் கால் மைல் கீழே. இடையில் இருந்தது தேயிலைக்குள் ஓடும் ஒற்றையடிப் பாதை. ஆசிரியர் ஒருவர் எம்மை அழைத்துச் சென்றார். கிளை கழித்துத் துண்டாக்கிய மரம் 18 அடி நீளம். அடி பருத்து நுனி சிறுத்திருந்தது. பச்சை மரமாதலின் 250 கிலோவுக்குக் குறையாது எனப் பின்னர் மரக்காலையிற் சொன்னார்கள். ஆறு பேர் காவினால் ஆளுக்கு நாற்பது கிலோச் சொச்சம். பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு அது பெரிய காரியமன்று என்று நாங்களே வகுத்துக் கணக்குப் பார்த்துக்கொண்டோம். வகுத்தற் கணக்கு எவ்வளவு பெரிய பொய்யைச் சொல்லக்கூடியது என்பதை அப்போது நான் அறியேன்.

எமது வகுப்பிலே உயரத்திற் குறைந்தவன் ஒருவன் இருந்தான். அவன் பெயரை நான் இங்கு எழுதவில்லை. உடன் படித்தவர்கள் அறிவர். தோட்டத்து லயத்திலிருந்து நாள்தோறும் நடந்து வந்து படித்தவன். கணிதத்தில் அவனை வெல்ல வகுப்பில் ஆளில்லை. எனக்குக் கூட்டாளி. சிறியவனாயிற்றே என்று நாங்கள்தாம் அவனை நடுவில் விட்டோம். நடுவிலே பாரம் குறைவு, இரண்டு முனையிலும் நிற்பவனுக்கே பாரம் என்பது எங்கள் அனைவரதும் எண்ணம். உயரமும் உரமும் உள்ள இருவர் முன்னே சென்றனர். மூன்றாமவன் அவன். அவனுக்குப் பின்னால் நான்காமவனாக நான்.

சிறிது தூரம் சென்றதும் ஒன்றைக் கண்டேன். எனக்கு முன்னே சென்ற அவனது தோளுக்கும் மரத்துக்கும் இடையில் இரண்டு விரற்கடை வெளிச்சம் தெரிந்தது. தோளில் மரம் படவேயில்லை. பாதை சற்றுக் குழிந்த இடங்களில் அந்த வெளி இன்னும் அகன்றது. அவனோ இரண்டு கைகளையும் மேலே தூக்கி மரத்தைப் பிடித்தபடி நடந்துகொண்டிருந்தான். என் தோளோ எரிந்தது. எனக்குச் சினம் மூண்டது. "ஐந்து பேர் காவுகிறோம், ஆறாவது ஆள் கூட வருகிறார்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன். முன்னே போனவர்கள் சிரித்தார்கள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

பாதி வழியில் மரத்தை இறக்கி இளைப்பாறினோம். கொழுந்து நிறுக்கும் கொட்டகையொன்று அருகில் இருந்தது. அவன் அங்கே போய்ப் பழைய சாக்கு ஒன்றை எடுத்து வந்தான். அதை எட்டாக மடித்துத் தோளில் வைத்தான். மீண்டும் மரத்தைத் தூக்கியபோது அவன் தோளுக்கும் மரத்துக்கும் இடையில் வெளிச்சம் இல்லை. ஆள் இப்போது வழிக்கு வந்துவிட்டான் என்று நான் மகிழ்ந்தேன். ஆம், மகிழ்ந்தேன், அச்சொல்லை மாற்றி எழுத இயலாது.

தெருவுக்கு அண்மையில் அகலமான கான் ஒன்றைப் பாதை கடக்கின்றது. அதன்மேல் ஆமை முதுகுபோலக் கவிந்த கல்மதகு. முதல் இருவர் ஏறி அப்பால் இறங்கினார்கள். பின்னே வந்த நாங்கள் மூவரும் இன்னும் மதகுக்குக் கீழே இருந்தோம். உச்சியில் அவன் நின்றான். அந்த ஒரு கணத்தில் என் தோள் திடீரென இலேசாயிற்று. ஏன் இலேசாயிற்று என்று எண்ணுவதற்குள் முன்னாலிருந்து ஓர் ஓசை கேட்டது. ஈரச்சுள்ளி முறிவது போன்ற சிறிய ஓசைதான். அவன் முழங்கால் கல்லில் மோத விழுந்தான். மரத்தை ஒருபுறமாகத் தள்ளிவிட்டு நாங்கள் விலகினோம்.

வலப்புறக் காறையெலும்பு முறிந்திருந்தது. அது நிகழ்ந்தது யூன் மாதம். உயர்தரப் பரீட்சை ஆவணியில். அவன் அவ்வாண்டு பரீட்சை எழுதவில்லை. அடுத்த ஆண்டு எழுதலாம் என்று எல்லாரும் சொன்னோம். அடுத்த ஆண்டு வருவதற்குள் தகப்பனார் நோயிற் படுத்துவிட்டார். மூத்த பிள்ளை அவன். நகரத்து மரக்காலையொன்றில் வேலைக்குச் சேர்ந்தான் எனக் கேள்விப்பட்டேன். எங்கள் தீராந்தியை அறுத்த மரக்காலை அது அன்று. அப்படியிருந்தால் கதைக்குப் பொருத்தமாயிருக்கும், ஆனால் உண்மை அவ்வாறில்லை.

நான் பரீட்சை எழுதினேன். ஆசிரிய நியமனம் பெற்றேன். கொட்டகலை ஆசிரியர் கலாசாலையிற் பயிற்சி முடித்து, கண்டிக்கே திரும்பி வந்தேன். அன்று நான் சொன்ன வார்த்தையை எவரும் நினைவில் வைத்திருக்கவில்லை. அது விபத்து என்றே எல்லாரும் பேசினர். என்னுள்ளேயும் ஒரு சமாதானம் இருந்தது: அவன் காவாமல் வந்தது உண்மை, நான் சொன்னது கடுஞ்சொல்லாயினும் பொய்ச்சொல் அன்று. கண்டி சிறிய நகரம். அவன் வேலை செய்யும் தெருவை நான் சுற்றிப் போவது வழக்கமாயிற்று.

அந்தச் சமாதானம் உடைந்தது 2014ஆம் ஆண்டில், எமது ஆசிரியர் அறையிலே. தேநீர் வேளையில் பௌதிகவியல் ஆசிரியர் எதையோ மாணவர்க்கு விளக்கும் பொருட்டு ஓர் அடிமட்டத்தை மூன்று வெண்கட்டித் துண்டுகளின்மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுத்துண்டு சற்றே குட்டை. "இதைப் பாரும்" என்று அவர் அடிமட்டத்தின் கீழிருந்த நடுத்துண்டை விரலால் இழுத்தார். அது தடையின்றி வெளியே வந்துவிட்டது. "இது சோம்பேறியா?" என்று சிரித்தார். என் கையிலிருந்த கோப்பையை நான் மேசையில் வைத்தேன்.

அன்று அவரிடம் நான் கேட்டறிந்தவற்றை வாசகர்க்குச் சொல்லவேண்டும். விஞ்ஞானம் படித்தவர்கள் பொறுத்தருள்க.

ஒரு மரத்தை இருவர் காவும்போது ஐயத்துக்கு இடமில்லை. மரத்தின் பாரம் முழுவதும் ஒரு புள்ளியில் நிற்பதாகக் கொள்ளலாம். அடி பருத்த மரத்தில் அப்புள்ளி அடிப்பக்கம் சாய்ந்திருக்கும். எமது 18 அடி மரத்தில் அது அடியிலிருந்து 8 அடியில் இருந்ததென்று வைத்துக்கொண்டால், இரண்டு முனைகளிலும் நிற்கும் இருவருள் அடியிலிருப்பவனுக்கு 139 கிலோ, நுனியிலிருப்பவனுக்கு 111 கிலோ. அடியிலிருப்பவன் இரண்டு அடி நடுப்பக்கம் நகர்ந்து நின்றால் அவன் சுமை 156 ஆகும். மற்றவன் சுமை 94 ஆகக் குறையும். அஃதாவது, நடுவை நோக்கி நகர்பவன் மற்றவனது பாரத்தைத் தன்மேல் ஏற்றுக்கொள்கிறான். மேசை காவும் பிள்ளைகளிடம் இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கெட்டிக்காரப் பிள்ளை மெல்ல மெல்ல விளிம்புக்குப் போய்விடும்.

மூன்றாமவன் வந்து சேர்ந்ததும் இக்கணக்கு குழம்பிவிடுகின்றது. மரம் ஆட்களை எண்ணுவதில்லை. உயர்ந்து நிற்கும் தோள்களை மட்டுமே அறியும். நடுவிலுள்ளவன் ஒரு விரற்கடை தாழ்ந்திருந்தால் அவனுக்குச் சுமையே இல்லை. ஒரு விரற்கடை உயர்ந்திருந்தால் ஓரங்களில் நிற்போரின் சுமை கழன்று அவன்மேல் வந்துவிடும். எல்லாரும் ஒரே உயரம், தரையும் ஒரே மட்டம் என்றாலோ? அப்போதும் சமமில்லை. சற்றே வளையக்கூடிய, எங்கும் ஒரே பருமனான ஒரு மரத்தைச் சம இடைவெளியில் அசையாத மூன்று தாங்கிகள் தாங்கினால், பாரத்தில் எட்டில் ஐந்து பங்கு நடுத்தாங்கிக்கே போகும். 160 கிலோ மரமாயின் நடுவில் 100. ஓரங்களில் 30, 30. நடுவிலே பாரம் குறைவென்று நாங்கள் எண்ணிச் சிறியவனை அங்கே விட்டதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மயக்கம் எமக்கு மட்டும் உரியதன்று. இத்தாலிய அறிஞர் கலிலியோ 1638இல் வெளியிட்ட நூலிலே ஒரு சலவைக்கல் தூணின் கதையைச் சொல்கிறார். நீண்ட தூண் ஒன்று இரு முனைகளிலும் கட்டைகள் தாங்கக் கிடத்தப்பட்டிருந்தது. தன் பாரத்தாலேயே அது நடுவில் முறிந்துவிடக் கூடுமென்று அஞ்சி, நடுவிலும் ஒரு கட்டை வைப்பது நலம் என ஒருவர் யோசனை கூறினார். எல்லாரும் அதனை மெச்சினர். சில மாதங்களின் பின் தூண் முறிந்து கிடந்தது. அதுவும் புதிதாக வைத்த அந்த நடுக்கட்டைக்கு நேர்மேலேயே. முனையிலிருந்த கட்டையொன்று உக்கித் தாழ்ந்துபோக, நடுக்கட்டையோ தாழாது நின்றதே காரணம். அங்கே கல் முறிந்தது. எங்கள் மதகிலோ மரம் முறியவில்லை.

"மனிதத்தோள் கல்லல்ல, அதுதான் நல்லகாலம்" என்றார் பௌதிகவியல் ஆசிரியர். தோள் அமுங்கும், முழங்கால் மடியும். அதனாலேயே பலர் சேர்ந்து காவும்போது பாரம் ஓரளவாவது பகிரப்படுகின்றது. எல்லாத் தோள்களிலும் மெத்தென்ற சாக்கு இருந்திருந்தால் மிகுபாரம் பட்ட சாக்கு மிகுதியாக அமுங்கி, பாரத்தை அயலவனுக்கு விட்டிருக்கும். ஒருவன் மட்டும் இறுக மடித்து வைத்துக்கொள்ளும்போது அது பகிர்வதற்கு உதவாது; அவனை உயர்த்திப் பாரத்தின் கீழே நிறுத்திவிடும். சரிவில் இறங்கும்போது என்ன ஆகும் என்றும் கேட்டேன். சுமை தோளுக்கு மேலே இருக்குமாயின், அது சாயச் சாயப் பாரம் பள்ளப்பக்கம் நகரும்; கீழே நிற்பவனுக்கே மிகுதி. ஆதலின் உயரமானவனைப் பள்ளப்பக்கம் விட்டுச் சுமையை மட்டமாக வைக்கவேண்டும் என்றார்.

பாடமணி அடித்தது. அவர் அடிமட்டத்தை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டார். பதினேழு ஆண்டுகளாக நான் அவனுக்காக இரங்கியிருந்தேன். ஆனால் அவனைக் குற்றவாளியாக வைத்தே இரங்கியிருந்தேன். அவன் ஒரு குற்றமும் செய்யவில்லை என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அவன் தோளுக்கு மரம் எட்டவில்லை, அவ்வளவே.

நிற்க. தமிழாசிரியன் எவ்வளவு முயன்றாலும் சொல்லாராய்ச்சியை விடமாட்டான். சுமை காவும் தண்டுக்குத் தமிழில் 'கா' என்று பெயர். காவடி அதன் வழி வந்தது. நாம் இங்கே 'காவுதல்' என்று நாள்தோறும் வழங்கும் சொல்லும் அவ்வினத்ததே. தமிழ்நாட்டு நண்பர்கள் அதைக் கேட்டு வியப்பதுண்டு. 'பொறு' என்னும் வினை இன்னும் ஆழமானது. பாரத்தைத் தாங்குதலும் பொறுத்தல். பிறர் செய்த பிழையைத் தாங்குதலும் பொறுத்தல். 'பொறை' என்பது சுமைக்கும் பெயர், பொறுமைக்கும் பெயர். ஏற்றுக்கொண்ட கடமையைப் 'பொறுப்பு' என்கிறோம். வள்ளுவர் 'பொறையுடைமை' என ஓர் அதிகாரமே வைத்தார். அதனை ஆண்டுதோறும் வகுப்பிற் கற்பிப்பவன் நான். சுமை என்னும் பொருளை எடுத்துக்காட்ட எம்மிடம் ஓர் உதாரணம் உண்டென்று ஒரு நாளும் நான் வகுப்பிற் சொன்னதில்லை.

திருவரங்கத்திலே சுவாமியைக் காவுபவர்க்கு 'ஸ்ரீபாதம் தாங்கிகள்' என்று பெயர். வைணவக் கோயில்களில் ஒருவகை வாகனத்துக்குத் 'தோளுக்கினியான்' என்று பெயர். எத்துணை அழகிய பெயர்! எமது கண்டிப் பெரஹராவிலும் யானைகளைப் பார்த்து முடித்த மக்கள் எழுந்து செல்லத் தொடங்கும் வேளையிலேதான் நான்கு தேவாலயங்களுக்கும் உரிய ரந்தோலிப் பல்லக்குகள் வரும். அவற்றை மனிதர் தோளில் காவி வருவர். 1988இல் மறைந்த 'ராஜா' யானையை நாடே அறியும். பல்லக்குக் காவுவோரின் பெயரைக் கேட்டவர் யார்? 2014இன் பின்னர் நான் பெரஹரா பார்க்கப் போனால் அவர்கள் தோள்களையே பார்க்கிறேன். யார் தோளில் தண்டு படுகிறது, யார் தோளில் படவில்லை என்று. இது ஒரு நோய்தான்.

அந்த ஆண்டே மாணவரை எம்பக்கே தேவாலயத்துக்கு அழைத்துச் சென்றேன். கதிர்காமக் கடவுளுக்கு உரிய அத்தலம் பிலிமத்தலாவைக்கு அண்மையில், உடுநுவரையில் இருக்கின்றது. கம்பளை அரசுக்காலத்தில், 14ஆம் நூற்றாண்டில், மூன்றாம் விக்கிரமபாகு மன்னன் கட்டுவித்தது. மரத்தூண்களிலே செதுக்கிய மல்லரையும் நடனமாதரையும் அன்னங்களையும் காணவே எல்லாரும் போகிறார்கள். ஆனால் கூரையின் ஒரு தலைப்பில் 26 கைமரங்களின் நுனிகள் ஒன்றுகூடி வந்து ஒரே மரஆணியிற் பொருந்துகின்றன. அதனைச் சிங்களத்தில் 'மடொல் குருபாவ' என்பர். மாணவனொருவன் அண்ணாந்து பார்த்து, "இருபத்தாறையும் காவ அந்த ஆணிக்கு நோகாதா, சேர்?" என்றான். ஒவ்வொரு கைமரமும் தன் அடியிலே ஊன்றி நிற்கிறது, ஆணி அவற்றைத் தலையில் விலகாது சேர்த்துப் பிடிக்கிறது என்று எனக்குத் தெரிந்தவரை விளக்கினேன். பிள்ளை அதில் நிறைவு பெறவில்லை. எனக்கும் அந்த ஆணியைப் பார்க்க முடியவில்லை. அடுத்த சனிக்கிழமை மரக்காலைக்குப் போனேன்.

அவன் அங்கே மேற்பார்வையாளனாக இருந்தான். தலை நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, "வாருங்கள் சேர்" என்றான். பள்ளியிலே என்னை 'மச்சான்' என்று அழைத்தவன். வேலையாட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவ்வாறு அழைப்பதுதான் முறை என அவன் கருதியிருக்கவேண்டும். அவ்வொரு சொல் என்னை வெகுதூரத்தில் நிறுத்தியது.

அப்போது முற்றத்தில் மரமொன்றை எட்டுப்பேர் காவத் தயாராகிக்கொண்டிருந்தனர். அவர்கள் அதைத் தோளில் வைக்கவில்லை. மரத்தின் இரு பக்கத்திலும் ஒவ்வொரு கயிறு கட்டி, அக்கயிற்றைக் குறுக்குத்தடியொன்றின் நடுவிலே தொங்கவிட்டார்கள். அத்தடியின் இரு நுனிகளையும் வேறு இரண்டு தடிகளின் நடுவிலே கயிற்றால் மாட்டினார்கள். அந்தத் தடிகளின் நுனிகளிலேதான் ஆட்கள் நின்றார்கள். ஒரு பக்கத்துக்கு நால்வர். அவன் தடிகளின் நடுவைச் சாணளந்து சரிபார்த்தான். ஒரு கட்டை விரற்கடையளவு விலகியிருந்ததைக் கண்டு அவிழ்த்துக் கட்டச் சொன்னான். பிறகு எட்டுப்பேரும் எழுந்தார்கள். அவர்களுள் நெட்டையும் இருந்தது, குட்டையும் இருந்தது. ஒருவன் பள்ளத்தில் இறங்கினால் அவனுடைய தடி சாய்ந்து கொடுத்ததே தவிர, அவன் பாரம் அடுத்தவனுக்குப் போகவில்லை.

"எட்டுப் பேருக்கு இரண்டு கயிறு போதுமா?" என்று கேட்டேன்.

"பதினாறு பேரென்றாலும் மரத்தைத் தொடுவது இரண்டு இடந்தான், சேர். தடியின்மேல் தடியாகப் பிரித்துக்கொண்டு போகலாம். மூன்றாவது இடத்தில் மரத்தைத் தொட்டால் சண்டை வரும்."

பௌதிகவியல் ஆசிரியர் அடிமட்டம் வைத்து எனக்குக் காட்டியதை அவன் கயிற்றையும் தடியையும் வைத்துத் தீர்த்து முடித்திருந்தான். கணிதத்தில் அவனை வெல்ல வகுப்பில் ஆளில்லை என்று முன்னரே எழுதினேன்.

ஆட்கள் அப்பால் போனதும் சொல்ல வந்ததைச் சொன்னேன். "அன்றைக்கு நீ காவவில்லை என்று சொன்னது நான்."

"தெரியும். உங்களுடைய குரல்தானே பின்னாலிருந்து வந்தது."

"நீ ஏமாற்றவில்லை. மரம் உனக்கு எட்டவில்லை. எனக்கு இப்போதுதான் விளங்கியது."

அவன் சிரித்தான். "எனக்கு அன்றைக்கே தெரியும் சேர். எட்டாத மரத்தை எப்படிக் காவுவது? சொன்னால் யார் நம்புவீர்கள்? அதுதான் சாக்கை வைத்தேன்."

அதற்குமேல் அவனும் பேசவில்லை, என்னாலும் இயலவில்லை. பொறுத்துக்கொண்டாயா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆமென்று சொல்லியிருப்பான். சொல்லவேண்டிய சுமையை மீண்டும் அவன்மேல் ஏற்றியதாக முடிந்திருக்கும். தேநீர் வருவித்தான். குடித்துவிட்டு வந்தேன். பின்னர் மாதத்துக்கு ஒருமுறையேனும் அவ்வழியாகப் போனேன். கல்லூரி நூலகத்துக்குத் தட்டுகள் செய்ய மரம் வேண்டியபோது அவனே தெரிந்தெடுத்து, நயமான விலைக்கு முடித்துத் தந்தான். 'சேர்' மட்டும் மாறவில்லை.

2019ஆம் ஆண்டு அவனுடைய தகப்பனார் காலமானார். செய்தி கேட்டுத் தோட்டத்துக்குப் போனேன். லயத்திலிருந்து மயானம் கீழே, தேயிலைக்கு நடுவே இறங்கிச் செல்லும் செங்குத்தான பாதையின் அடியில் இருக்கின்றது. முதல்நாள் மழையால் பாதை வழுக்கியது. பெட்டியைத் தூக்கும் வேளை வந்ததும் உறவினர் சிலர் முன்வந்தனர். பிரேதத்துக்குரிய மகனாதலால் அவன் காவவில்லை. ஆனால் அந்தத் துக்கத்திலும் அவன் கண் ஆட்களின் தோள்களை ஒவ்வொன்றாக அளந்துகொண்டு வந்தது. குட்டையான இருவரைப் பின்னுக்கு விட்டான். ஒருவரை இடம் மாற்றினான். பின் கூட்டத்தில் ஒதுங்கி நின்ற என்னிடம் வந்தான்.

"மச்சான், நீ உயரம். முன்னுக்கு வா, பள்ளப்பக்கம்."

நான் சால்வையை இடுப்பிற் கட்டிக்கொண்டு போனேன். பெட்டியைத் தூக்கினோம். லயத்து வாசல் சமதரை; அங்கே பாரம் அவ்வளவாகத் தெரியவில்லை. முதல் வளைவில் பாதை இறங்கத் தொடங்கியதும் அது மெல்ல முன்னே நகர்ந்து என் தோளின்மேல் வந்து இருந்தது. கால் சேற்றிற் புதைந்தது. முன்னே நடந்துகொண்டிருந்த அவன் நின்று திரும்பிப் பார்த்தான்.

"எட்டுகிறதா?" என்றான்.

"எட்டுகிறது" என்றேன்.

அவன் திரும்பி நடந்தான். மயானத்துக்கு இன்னும் இரண்டு வளைவு தூரம் இருந்தது.